வசிப்பிடம் மாறினால் வரி மாறுமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பங்கு வணிகரை முன்வைத்து

நூற்பாலைகளாலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியாலும் வளர்ந்த ராஜபாளையத்திலும், பால்கோவாவுக்குப் பெயர்போன ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேமிப்பு என்றால் நிலம், நகை, சீட்டு என்றிருந்தது ஒரு காலம். இன்று டீமேட் கணக்கும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்திருக்கிறது: துபாயில் குடியேறி அங்கிருந்தே டிரேடிங் செய்தால் வரி கட்ட வேண்டியதில்லை என்பது அது. சிறு வணிகரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு என்பதும், சில இடங்களில் ஊரிலேயே இருப்பவரைவிட வெளிநாடு போனவரே கூடுதல் வரி கட்டுகிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வருமான வரி இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. ஆள் எங்கே வசிக்கிறார் என்பது ஒன்று. பணம் எங்கே விளைகிறது என்பது மற்றொன்று. விமான டிக்கெட் முதல் கேள்விக்கான விடையை மட்டுமே மாற்றும். தேசியப் பங்குச் சந்தையில் வாங்கி விற்ற இந்திய நிறுவனப் பங்கின் ஆதாயம், விற்றவர் தென்காசி சாலையில் இருந்தாலும் துபாயின் தெய்ராவில் இருந்தாலும், இந்தியாவில் விளைந்ததே.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ராஜபாளையத்தில் இருக்கும் ஒருவருக்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் நிகர லாபம் 12 லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லை. பிரிவு 87ஏ தரும் தள்ளுபடியால் அவர் கட்டும் வரி பூஜ்யம். அவரே வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் அந்தத் தள்ளுபடி கிடையாது. அது உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டுமே உரியது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். செஸ் சேர்த்து 62,400 ரூபாய். இனி பங்கைப் பார்ப்போம். குறுகிய கால ஆதாயம் 4 லட்சம், வேறு வருமானம் இல்லை. உள்ளூர்க்காரர் அடிப்படை விலக்கு வரம்பில் அதை முழுதும் கழித்துக்கொள்வார். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தக் கழிவும் இல்லை. 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து 83,200 ரூபாய். அதையும் விற்கும்போதே பிடித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, வெளிநாடுவாழ் இந்தியர் பங்குகளில் அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே வணிகம் செய்யவே முடியாது. டெலிவரி எடுத்தாக வேண்டும்.

அப்படியானால் துபாயால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது ஐக்கிய அரபு அமீரகத்தின் பூஜ்ய வரியிலிருந்து வருவதில்லை, இந்தியாவோடு அந்நாடு செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அந்த ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு இந்திய நிறுவனப் பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்க விடுகிறது. பெயர் சொல்லிக் குறிப்பிடாத பிற சொத்துகளின் ஆதாயத்தை வசிக்கும் நாட்டுக்கே விட்டுவிடுகிறது. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் பங்கு ஆகாது, எனவே அமீரகத்தில் வசிப்பவரின் யூனிட் ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று கொச்சி வருமான வரித் தீர்ப்பாயம் 2019இல் கூறியது. மேலே சொன்ன 62,400 ரூபாய்க்கும் இந்தியாவில் நிலையான தொழிலிடம் இல்லை என்று ஒப்பந்தத்தைக் காட்டி வாதிட இடமுண்டு. ஆனால் அமீரகத்தில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளாவது இருந்து, அந்நாட்டு வசிப்பிடச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். லாகினைத் தம்பி கையில் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறை எடுத்து ஆர்டர் போடச் சொல்பவர் அந்த வாதத்தைத் தானே குலைத்துக்கொள்கிறார்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டுத் தனவணிகர் இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் உள்ள சுப்பையா செட்டியார் வழக்கில், கூட்டுக் குடும்பத் தலைவர் மனைவி மக்களோடு இலங்கையில் வாழ்ந்தார், வணிகம் கொழும்பில். ஆண்டில் 101 நாள் இந்தியாவில் தங்கியிருந்தார். குடும்பத்தின் நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுக்க வெளிநாட்டில்தான் நடந்தன என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி கட்டுபவருடையது என்றது நீதிமன்றம். அவரால் அதை மெய்ப்பிக்க முடியவில்லை. குடும்பம் இந்தியாவில் வசிப்பதாகவே கொள்ளப்பட்டது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயரில் டீமேட் கணக்கு வைத்திருப்பவர்கள் இந்த வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். தனிநபருக்கு நாள் கணக்கு. குடும்பத்துக்கு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்ற கணக்கு.

2004இல் குழந்தகன் செட்டியார் வழக்கு. மலேசியாவின் ஈப்போ ரப்பர் தோட்ட வருமானத்துக்கு, அந்நாட்டோடான வரி ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் வரி இல்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2008இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, ஒப்பந்தம் அயல்நாட்டுக்கு வரி விதிக்கும் உரிமை தந்தாலும் அவ்வருமானத்தை இந்திய வருமானத்தில் சேர்த்து, கட்டிய வரிக்கு நிவாரணம் தரலாம் என்றாக்கிவிட்டது. மியூச்சுவல் ஃபண்ட் சலுகையும் இதே போன்ற ஒரு விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அதை நம்பிக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவது சரியான முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கச் சந்தை போன்ற அயல்நாட்டுச் சந்தைகளில் வணிகம் செய்பவருக்கு இடமாற்றம் உண்மையாகவே உதவும். அவருக்கும் 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஓர் எல்லை வகுத்தது. அயல்நாட்டு மூலம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானமுள்ள இந்தியக் குடிமகன் வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவரானால், இந்தியாவில் ஒரு நாள்கூட இல்லாவிட்டாலும் இங்கு வசிப்பவராகவே கருதப்படுவார். அப்போதும் அவரது அயல்நாட்டு வருமானம் பொதுவாகத் தப்பும். ஆனால் இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் தொழிலின் வருமானம் தப்பாது. சுப்பையா செட்டியார் வழக்கில் கொழும்பு வணிகத்திடம் கேட்ட அதே கேள்விதான் இங்கும் வருகிறது.

கோடிகளில் வணிகம் செய்பவருக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். 4 லட்சம் ஆதாயத்துக்கு 83,200 ரூபாய் கட்டும் வளைகுடாத் தொழிலாளிக்கு யாருமில்லை. அவருடைய மொத்த வருமானமும் தள்ளுபடி வரம்புக்குள் இருந்தும், ஊரில் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியையும் அடிப்படை விலக்குக் கழிவையும் மறுப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. உலக வருமானத்தை முழுமையாக அறிவிப்பவருக்கு இவ்விரண்டையும் வழங்கும்படி சட்டத்தைத் திருத்தலாம். கணக்கைச் சரிபார்க்கத் தேவையான தகவலை நாடுகள் இப்போதே தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன.