வாயுக்களின் இயக்கவியற் கொள்கை: அடிப்படை எடுகோள்கள்

வாயுவின் அழுத்தம், வெப்பநிலை முதலிய பண்புகளை அதன் மூலக்கூறுகளின் ஓயாத ஓட்டத்தைக் கொண்டு விளக்குவது வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. அதன் எடுகோள்கள் வருமாறு: ஒரு வாயுவின் மூலக்கூறுகள் யாவும் ஒரே மாதிரியானவை, எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி விரைபவை. கலனின் பருமனை நோக்க அவற்றின் சொந்தப் பருமன் புறக்கணிக்கத்தக்கது. மோதும் கணம் தவிர ஒன்றையொன்று ஈர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை. மோதல்கள் முழு மீட்சியுடையவை. அவற்றுக்கு ஆகும் நேரமும் மிகச் சொற்பம். சராசரி இயக்க ஆற்றல் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதையும் சில நூல்கள் எடுகோளாகச் சேர்க்கின்றன. உண்மையில் அது மற்றவற்றோடு வாயு விதியைப் பொருத்திப் பெறப்படும் முடிவே.

இக்கொள்கையின் முதல் வடிவம் டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட ‘ஹைட்ரோடைனமிக்கா’ நூலில் உள்ளது. அவர் கற்பனை செய்த அமைப்பில், நிமிர்ந்த உருளை ஒன்றின் பிஸ்டன் மேல் எடை இருக்கிறது. கீழேயுள்ள நுண்துகள்கள் இடைவிடாது மோதி அதைத் தாங்குகின்றன. பாயில் விதி இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. எனினும், வெப்பத்தை ஒரு பாய்மமாகக் கருதிய அக்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை.

கொள்கையை முழு உருவில் முதலில் எழுதியவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்றே கொள்ள வேண்டும். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்க்கு ஆசிரியராக இருந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர், 1845இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். மதிப்பீட்டாளர் ஒருவர் அதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். கைப்படியும் திரும்பி வரவில்லை. வாட்டர்ஸ்டன் 1883இல் மறைந்தார். ராலே பிரபு கட்டுரையை ஆவணக் காப்பறையில் கண்டெடுத்து 1892இல் அச்சேற்றினார்.

இதற்கிடையே 1857இல் இயற்பியலாளர் கிளாசியஸ் எடுகோள்களைத் தெளிவாக வகுத்தார். மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் ஓடுமானால், அறையின் ஒரு மூலையில் திறந்த வாயுவின் வாசனை மறுமூலைக்கு வர ஏன் அத்தனை நேரம் என்று வானிலையியலாளர் பைஸ் பாலட் மடக்கினார். மூலக்கூறுகள் வழிநெடுக மோதித் திசைமாறுகின்றன என்பது 1858இல் கிளாசியஸ் தந்த விடை. சராசரி மோதலிடைத்தூரம் என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. சாதாரண அழுத்தத்தில் காற்றில் அது ஏறத்தாழ 70 நானோமீட்டர். மூலக்கூறுகள் வெறும் புள்ளிகளாயின் அவை தம்முள் மோதவே முடியாது. ஆகவே எடுகோளில் வரும் ‘புறக்கணிக்கத்தக்க பருமன்’ என்பதைச் சுழி என்று படிப்பது தவறு.

மேக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் வேகப் பரவலைக் கணித்தனர். பருமன் புறக்கணிக்கத்தக்கது, ஈர்ப்பு இல்லை எனும் எடுகோள்களை வான் டெர் வால்ஸ் 1873இல் திருத்தினார். இன்று இக்கொள்கை வெற்றிடத் தொழில்நுட்பத்திலும் பிளாஸ்மா ஆய்விலும் பயன்படுகிறது.