சீமையெண்ணெயின் சீமை எது?

கெரசின் என்று ஆங்கிலத்தார் வழங்கும் எண்ணெய்க்குத் தமிழில் இரு பெயர்கள் உண்டு. மண்ணெண்ணெய் என்பது ஒன்று. சீமையெண்ணெய் என்பது மற்றொன்று. முன்னது அது பிறந்த இடத்தைச் சொல்லும். மலாய்க்காரர் வழங்கும் 'மின்யாக் தானா' என்பதற்கும் அதுவே பொருள். பின்னதோ, அதைக் கொண்டு வந்தவரைச் சுட்ட முயல்கிறது. சீமை என்றால் நம் பாட்டன்மார்க்குக் கடல் கடந்த வெள்ளையர் நாடு, பெரும்பாலும் இங்கிலாந்து. ஆனால் 1892இல் சிங்கப்பூர்க் கடலில் வந்து இறங்கிய எண்ணெய் எந்தச் சீமைக்கு உரியது என்று கேட்டால், விடை அத்துணை எளிதன்று.

இக்கேள்வி எனக்கு எழுந்ததற்கு என் பிழையே காரணம். பல ஆண்டுகளாக என் தோட்டப் பள்ளியில், "சிங்கப்பூருக்கு ஷெல் கம்பெனி 1891இல் வந்தது" என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். சென்ற விடுமுறையில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பழம்பொருட் கடையின் வாசலில் துருவேறிய சிவப்புத் தகரம் ஒன்றைக் கண்டேன். எங்கள் லயத்து வீட்டில் பாட்டி தண்ணீர் சுமந்த தகரமும் அப்படிப்பட்டதே. ஊருக்குத் திரும்பியதும் அதன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். ஷெல் போக்குவரத்து வாணிகக் கம்பெனி என்ற ஒன்று தோன்றியதே 1897 அக்டோபரில்தான்! அப்படியாயின் 1891இல் வந்தவர் யார்?

அக்காலத்தில் விளக்கெண்ணெய் வாணிகம் அமெரிக்கரான ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக இருந்தது ருஷ்யாவின் பாகு எண்ணெய். பாரிஸ் நகரத்து ராத்சைல்டு குடும்பத்தார் 1886இல் ஒரு கம்பெனி அமைத்து, அவ்வெண்ணெயைக் கருங்கடல் துறைமுகமான பாட்டூமிலிருந்து விற்று வந்தனர். கீழ்த்திசைச் சந்தையில் நுழைய அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. லண்டனில் அவர்கள் காரியங்களைக் கவனித்த பிரெட்ரிக் லேன் என்ற கப்பல் தரகர், மார்க்கஸ் சாமுவேல் என்ற வணிகரை அவர்களோடு இணைத்து வைத்தார். சாமுவேலின் தந்தை சிப்பிப் பெட்டிகள் விற்றவர். 1891இல் ஒப்பந்தம் ஆயிற்று: சூயஸுக்குக் கிழக்கே ராத்சைல்டு எண்ணெயை விற்கும் தனியுரிமை ஒன்பது ஆண்டுகளுக்குச் சாமுவேலுக்கே.

சாமுவேலின் திட்டம் வெகு இரகசியமாகத் தீட்டப்பட்டது. தகரங்களில் அடைக்காமல், கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பிச் சூயஸ் கால்வாய் வழியே கொண்டுவருவது. துறைமுகந்தோறும் பெருந்தொட்டி கட்டி அதில் இறக்குவது. அதுவரை எண்ணெய்க் கப்பல்களுக்குக் கால்வாய் நிருவாகத்தார் வழிவிட்டதில்லை.

இவ்விடத்தில்தான் கதை சுவையாகிறது. லண்டனில் ரஸ்ஸல் – ஆர்ன்ஹோல்ட்ஸ் என்ற வழக்கறிஞர் மனையிலிருந்து வெளியுறவு அமைச்சரகத்துக்குக் கடிதங்கள் போகத் தொடங்கின. எண்ணெய்க் கப்பல்கள் கால்வாயில் வந்தால் தீ விபத்து நேரும், கால்வாயே பாழாகும் என்பது அவற்றின் சாரம். "தாங்கள் யார் சார்பில் எழுதுகிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்தபோது, கட்சிக்காரரின் பெயரைச் சொல்ல அவர்கள் மறுத்துவிட்டனர். அப்பெயர் வெளிவரவே இல்லை. ஸ்டாண்டர்டு ஆயில்தான் திரைக்குப் பின் நின்றிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. வழிவிடக் கூடாது என்று வாதாடத் தெரிந்தவர்க்குத் தம் பெயர் சொல்ல மட்டும் வாய் வரவில்லை!

ஆனால் எதிர்ப்பக்கமும் தனித்து நிற்கவில்லை. 1875இல் எகிப்து நாட்டுக் கெடிவின் கையிலிருந்த 1,76,602 சூயஸ் பங்குகளைப் பிரதமர் டிஸ்ரேலி பிரிட்டனுக்காக வாங்கினார். அதற்கான 40 இலட்சம் பவுனைக் கடனாகத் தந்தவர் லண்டன் ராத்சைல்டு. பாகு எண்ணெயின் சொந்தக்காரர் பாரிஸ் ராத்சைல்டு. இரண்டும் ஒரே குடும்பத்தின் கிளைகள். இந்த உறவுதான் வழியைத் திறந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. சாமுவேலின் கப்பல்கள் புதிய பாதுகாப்பு முறைப்படி வரையப்பட்டவை என்பதும் உண்மை. எனினும், யாருடைய எண்ணெய் யாருடைய கால்வாயில் போயிற்று என்பதை அறியாமல் இவ்வரலாற்றைப் படிப்பது அரைகுறைப் படிப்பே ஆகும்.

1892 ஜனவரியில் இசைவு கிடைத்தது. ஆகஸ்ட்டில் 'மியூரெக்ஸ்' என்ற கப்பல் சுமார் 4,000 டன் ருஷ்ய எண்ணெயோடு கால்வாயைக் கடந்தது. சிங்கப்பூரில் ஒரு பகுதியை இறக்கிவிட்டு, மீதியைப் பாங்காக்குக்குக் கொண்டு சென்றது. மியூரெக்ஸ் என்பது ஒருவகைச் சங்கின் பெயர். எண்ணெய் இறங்கிய புக்கோம் தீவின் மலாய்ப் பெயரும் ஒரு சிப்பி வகையைக் குறிக்கும் என்பர். இது தற்செயலாக அமைந்த பொருத்தம்.

புக்கோமுக்கு ஏன் போயினர்? நகருக்குள் இத்தனை எண்ணெயைத் தேக்கி வைப்பது ஆபத்து என்று காலனி அரசினர் இடம் தரவில்லை. ஆகவே நகருக்கு அப்பாலுள்ள தீவில் நிலம் வாங்கப்பட்டது. வாங்கியவர் பெயர் என்ன? சாமுவேல் அன்று, ராத்சைல்டும் அன்று. சிங்கப்பூரில் முகவராக இருந்த சைம் கம்பெனி! ஊரார்க்கு அந்தப் பெயர்தான் தெரியும். 1893இல் சாமுவேல் கீழ்த்திசை முகவர் மனைகளையெல்லாம் இலாபநட்டத்தில் கூட்டாளிகளாக்கி ஒரு கூட்டமைப்பு உண்டாக்கினார். அதன் வளர்ச்சியே 1897இன் ஷெல் கம்பெனி. வெளியே முகவராகத் தோன்றியவர் உள்ளே பங்காளியாக இருந்தார்.

இனித் தகரத்துக்கு வருவோம். வாங்குவோர் தாமே பாத்திரம் கொண்டு வருவர் என்று சாமுவேல் எண்ணியது பொய்த்தது. ஸ்டாண்டர்டு எண்ணெய் நீலத் தகரத்தில் வந்தது. எண்ணெய் தீர்ந்தபின் அது கூரையாயிற்று, வாளியாயிற்று, அடுப்புமாயிற்று. தகரம் இல்லாத எண்ணெய் நம் மக்களுக்கு வேண்டாம்! பிறகு அவரும் தகட்டை வரவழைத்து இங்கேயே தகரம் செய்து, அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்தார். நீலமா சிவப்பா என்பதுதான் ஏழை கண்ட வேறுபாடு. அதற்குள் நின்ற முதலாளி யார் என்பது அவன் கண்ணுக்கு எட்டவில்லை.

நீலத் தகரத்தின் முதலாளியைத் தேடியவர்களும் இடர்ப்பட்டனர். 1882இல் ஸ்டாண்டர்டு ஆயிலின் 41 பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை 9 டிரஸ்டிகளிடம் ஒப்படைத்தனர். வெளியில் பல கம்பெனிகள். உள்ளே ஒரே கை. சில கம்பெனிகள் அதற்கு எதிரிகள் போலவே வேடமிட்டு வாணிகம் செய்தன. டிரஸ்டி என்ற சொல்லை நாம் 'அறங்காவலர்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். இந்த ஒன்பதின்மருக்கு அச்சொல்லை வழங்கத் தமிழாசிரியர் எவர்க்கும் கை கூசும். ஓஹாயோ மாநில உயர்மன்றம் 1892இலேயே இவ்வமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1911இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அது 34 கம்பெனிகளாகப் பிரிந்தது.

சிவப்புத் தகரத்தின் பக்கமும் பெயர்கள் மாறின. 1903இல் ஆசியாட்டிக் பெட்ரோலியம் என்ற கம்பெனி தோன்றியது. பெயரில் ஆசியா இருந்ததே ஒழிய, பங்கில் ஆசியர் இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஷெல்லுக்கு, ஒரு பங்கு சுமத்ராவில் எண்ணெய் எடுத்த ராயல் டச்சுக்கு, மற்றொன்று ராத்சைல்டுக்கு. 1907இல் ராயல் டச்சும் ஷெல்லும் 60க்கு 40 என்ற கணக்கில் இணைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ராத்சைல்டுகள் தங்கள் ருஷ்யக் கிணறுகளைக் கொடுத்து இவற்றின் பங்குகளைப் பெற்றனர். கிணற்றின் சொந்தக்காரர் பெயர் அத்துடன் மறைந்தது. பங்கின் சொந்தக்காரராக அவர் நீடித்தார்.

அரசாங்கமே முதலாளியான கதையும் உண்டு. 1914இல் கடற்படை அமைச்சர் சர்ச்சில், பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ–பெர்ஷியன் கம்பெனியில் 51 விழுக்காட்டை 22 இலட்சம் பவுனுக்கு அரசுக்காக வாங்கினார். அது நாடாளுமன்றத்தில் பலரறிய நடந்தது. 1923இல் அவர் பதவியில் இல்லை. அப்போது ஷெல்லும் பர்மா ஆயிலும் அவரைக் கூலிக்கு அமர்த்தின. அதே அரசுப் பங்கைத் தங்களிடம் சேர்க்கும்படி பிரதமர் பால்ட்வினிடம் பேசுவது வேலை. அதற்கு அவர் பெற்றது 5,000 பவுன். அது பலரறிய நடக்கவில்லை. முயற்சியும் கைகூடவில்லை. மறு ஆண்டே அவர் பால்ட்வின் அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆனார்.

சிங்கப்பூர்ச் சட்டம் இன்று இவ்விஷயத்தில் சற்று முன்னேறியிருக்கிறது. 2017 மார்ச் 31 முதல், கம்பெனிகள் தம்மை உண்மையில் ஆள்பவர் யார் என்று பதிவேடு வைக்க வேண்டும். ஆனால் அது அரசாங்க அதிகாரிகள் பார்ப்பதற்கு. சிராங்கூன் சாலைக் கடைக்காரரோ என்னைப் போன்ற வாத்தியாரோ கேட்டால் காட்டமாட்டார்கள்.

புக்கோமில் 1961இல் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது, அதுவும் ஷெல்லுடையதே. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் அந்தத் தீவின் ஆலை ஷெல்லிடமிருந்து கைமாறி, ஆஸ்டர் என்ற புதுப்பெயர் பெற்றது. அப்பெயருக்குப் பின்னே இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் சுவிட்சர்லாந்தின் கிளென்கோரும் நிற்கின்றன. சந்திரா அஸ்ரிக்குப் பின்னே பாரிட்டோ பசிபிக் என்ற மற்றொரு கம்பெனி இருக்கிறது. நான் கரும்பலகையில் இப்போது எழுதுவது இது: "1891இல் புக்கோமில் நிலம் வாங்கியவர் சைம், வாங்கச் செய்தவர் சாமுவேல், எண்ணெய் ராத்சைல்டுடையது." ஒரு வரிக்கு மூன்று பெயர். பிள்ளைகள் மனப்பாடம் செய்யச் சிரமப்படுகிறார்கள்.