கேட்கும் தொலைவில் இருப்பவர்கள்

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை மக்கள் ‘லைன்’ என்றே அழைப்பர். வரிசையாக அமைந்த அச்சிறு வீடுகளில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் பெண் அடிபடும் ஓசை பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் போக வழியில்லை. கேட்டவர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்குக் ‘குடும்ப விஷயம்’ என்பதே, ராபர்ட்சன்பேட்டை தொடங்கி நாடெங்கும், பல தலைமுறைகளாக விடையாக இருந்துள்ளது. அந்த விடையை ஏற்க மறுத்த எளிய மனிதர்களின் வழியாகவே பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இந்தியச் சட்டங்கள் சில உருவாயின. அவற்றுக்கு உயிரளித்தோரும் அத்தகையோரே.

அவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் பன்வாரி தேவி. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த இவர், மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ ஆகப் பணியாற்றினார். அச்சொல்லுக்குத் தோழி என்று பொருள். 1992இல் ஊரில் நடக்கவிருந்த ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. தனி ஒருவராகத் தலையிடுபவர் கொடுக்க நேரும் விலையை இவ்வழக்கு காட்டியது. இதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கில், 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. பணியிடத்தில் பெண்ணின் பாதுகாப்புக்கு வேலை அளிப்பவரே பொறுப்பு என்பது அப்போது நிலைபெற்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது.

வீட்டுக்குள் நிகழ்வதைப் பற்றி 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பேசியது. அதன் நான்காம் பிரிவு பரவலாக அறியப்படாதது. ஆயினும் லைன் வீட்டுச் சுவருக்கு மிக நெருக்கமானது. வன்முறை நிகழ்ந்தது, நிகழ்கிறது அல்லது நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சாராது. பக்கத்து வீட்டாருக்கு இதில் இடமில்லை என்ற பழைய வாதத்தைச் சட்டம் இவ்வாறு கைவிட்டது.

எனினும் புகார்க் குழு தாளில் இருப்பதும், தொழிலாளி அதனை நம்பி வாய் திறப்பதும் வேறுவேறு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அங்குப் பணியாற்றிய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ‘திண்டுக்கல் உடன்படிக்கை’யை எட்டியது. எச் அண்ட் எம் உள்ளிட்ட பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்களின் வழியே இதற்குக் கட்டுப்பட்டன.

இதன் நுட்பம் எளியது. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற அளவில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சங்கம் அவர்களுக்குப் பயிற்சி அளித்தது. அதே தளத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் அவர்கள், உற்பத்தி இலக்கின் பெயரால் எழும் வசைச்சொல்லையும் சாதி இழிவையும் தொடுகையையும் தொடக்கத்திலேயே கண்டு முறையிடுவர். புகார் கூறியவரைப் பழிவாங்குவது தடைசெய்யப்பட்டது. முதல் ஆண்டில் எழுந்த பல்வகை முறையீடுகள் 185. அவற்றுள் 182 தீர்க்கப்பட்டதாக உடன்படிக்கையின் ஆண்டறிக்கை தெரிவித்தது. பட்டேரியில் ஒருவர் தனியே சுமந்த பணி, திண்டுக்கல்லில் பலருக்குப் பகிரப்பட்டு, ஒப்பந்தத்தின் காப்பையும் பெற்றது.

2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். அவர்களுள் பெண்களும் பலர். அவர்கள் வேலைக்குச் செல்லும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு உள்ளதா, அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளனவா எனக் கேட்பது உடன் பணிபுரியும் எவராலும் இயலும். லைன் வீடுகளில் நான்காம் பிரிவைப் பத்துப் பேர் அறிந்திருந்தால், தகவல் தருபவர் தனியராக நிற்கவேண்டியதில்லை. 1930இல் கைரேகைப் பதிவுத் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது இவ்வூர்த் தொழிலாளர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஏதும் இல்லை. லைனுக்கு லைன் பேசி ஒன்றுகூடினர். அந்தப் பழக்கத்தை அடுத்த வீட்டுப் பெண்ணின் பாதுகாப்புக்கும் நீட்டுவதே இன்றைய தேவை.