பழ உணவும் பெருங்குடல் புற்றுநோயும்: விலங்கு ஆய்வுகள்

பெருங்குடல் புற்றுநோய் பல ஆண்டுகள் எடுத்து மெல்ல வளரும் நோய். ஒரு பழம் அதைத் தடுக்கிறதா என்று மனிதர்களிடம் தனித்துப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆய்வக எலியில் எட்டு மாதத்துக்குள் விடை தெரிந்துவிடும்.

எலியில் இந்நோயைத் தோற்றுவிக்கப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் நஞ்சு அசாக்சிமீத்தேன். குவாம் தீவு மக்கள் மாவாக்கி உண்டுவந்த சைக்கஸ் கொட்டையை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வாளர் லாக்கூர், ஈரலிலும் சிறுநீரகத்திலும் குடலிலும் கட்டிகள் தோன்றியதை 1963இல் அறிவித்தார். அக்கொட்டையிலுள்ள சைக்கசினும் அசாக்சிமீத்தேனும் உடலுக்குள் ஒரே பொருளாக மாறித்தான் மரபணுவைச் சிதைக்கின்றன.

கட்டி வரும்வரை காத்திராமல் முன்னறிகுறியைப் பார்க்கும் வழியை 1987இல் ஆய்வாளர் ரஞ்சனா பேர்ட் காட்டினார். எலியின் பெருங்குடலை நீளவாக்கில் வெட்டி விரித்து, மெத்திலீன் நீலத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால், சீராக அமைந்த சுரப்பிக் குழிகளுக்கிடையே சில மட்டும் பருத்து, அடர்நீல விளிம்போடு தெரியும். இவையே பிறழ் குழிகள்.

இத்துறையில் நன்கு ஆராயப்பட்ட பழங்களுள் ஒன்று கருப்பு ராஸ்பெரி. இது அமெரிக்காவில் விளைவது; நம் நாவலோ மல்பெரியோ அல்ல. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் குழுவினர் இதை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, அசாக்சிமீத்தேன் செலுத்திய எலிகளின் தீவனத்தில் 2.5, 5, 10 விழுக்காடு அளவுகளில் கலந்தனர். 2001இல் வெளியான முடிவுப்படி, ஓர் எலிக்கு இத்தனை என்று எண்ணிய புற்றுக்கட்டிகள் முறையே 28, 35, 80 விழுக்காடு குறைந்தன. பிறழ் குழிகளோ 36, 24, 21 விழுக்காடுதான் குறைந்தன. பொடி கூடக்கூடக் கட்டி குறைந்தது. குழிகளில் அந்த வரிசை தலைகீழாக இருந்தது. குழிகளை மட்டும் எண்ணி ஒரு பழத்தின் தகுதியை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆப்பிள் பெக்டின், மாண்டரின் ஆரஞ்சுச் சாறு, உலர்ந்த பிளம் ஆகியவையும் எலிகளில் பயன் காட்டியுள்ளன. பழங்களின் நிறமிகளில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் பெருங்குடல்வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுகிறது. நோய் தோன்றும் இடத்தையே அவை நேரடியாகத் தொடுகின்றன. நார்ச்சத்து நொதித்து உருவாகும் பியூட்டிரேட் என்னும் பொருள் குடற்செல்களுக்கு உணவாகிறது.

இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. நாம் உண்ணும் மொத்த உணவின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு பழப்பொடி என்பது பெரிய அளவு. மரபணு மாற்றத்தால் தானாகவே கட்டி வளரும் ‘மின்’ (Min) எனப்படும் வகைச் சுண்டெலிகளிலும் பெர்ரிப் பழங்கள் சோதிக்கப்பட்டன. ஆனால் அச்சுண்டெலிகளுக்குக் கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் வருகின்றன. 2000இல் முடிவு வெளியான அமெரிக்கப் பாலிப் தடுப்பு ஆய்வில், பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) அகற்றப்பட்ட 2,079 பேரில் ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்து, பழம், காய்கறியைக் கூட்டி நான்கு ஆண்டுகள் உண்டனர். இரு பிரிவிலும் பாலிப் மீண்டும் வந்தவர்கள் ஏறக்குறைய 40 விழுக்காடு.

பழம் உடலுக்கு நல்லது, தாராளமாக உண்ணுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம் கண்டால் பழத்தை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். புற்றாக மாறுமுன் பாலிப்பைக் கண்டு அகற்ற உதவுவது பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையே.