கையெழுத்துப் பத்திரிகையும் பேண்டு செட்டும்

மே மாச லீவுக்குச் சென்னையிலிருந்து அண்ணன் பேத்தி வந்திருந்தாள். கையில் அவள் பள்ளிக்கூடத்து ஆண்டு மலர். வழவழப்பான தாள், கலர் படம். ரோபோ கிளப், மியூசிக் கிளப், பிரஸ் கிளப் என்று ஏகப்பட்ட கிளப்புகள். "தாத்தா, உங்க ஸ்கூல்ல கிளப்லாம் இருந்துச்சா?" என்றாள். வாய்க்காலில் தண்ணி வராத மாசம், எனக்கும் பெரிசா வேலை இல்லை. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கிளப் என்ற பேரே எங்களுக்குத் தெரியாது. மன்றம்தான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு இலக்கிய மன்றம். சாரணர், ஜே.ஆர்.சி. எல்லாம் பேருக்கு இருந்தது. என்.சி.சி. டவுன் பள்ளிக்கூடத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் மாணவர் மன்றம், கையெழுத்துப் பத்திரிகை என்று பேச்செடுத்தால் திருவாரூர் போர்டு ஹைஸ்கூலில் போய்த்தான் நிற்கும். போர்டு என்றால் ஜில்லா போர்டு. அப்போது திருவாரூர் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பையன் மேலே படிக்கணும் என்றால் இப்படி ஒரு டவுன் பள்ளிக்கு வந்தாகணும். திருக்குவளையிலிருந்து அப்படி வந்தவர் மு. கருணாநிதி, 1924இல் பிறந்தவர். இடம் இல்லை என்றதும், சேர்க்காவிட்டால் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியரை மிரட்டி இடம் வாங்கிய கதையை 'நெஞ்சுக்கு நீதி'யில் அவரே எழுதியிருக்கிறார். கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலி என்று திருவாரூரைப் பற்றிச் சொல்லுவாங்க. ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். கணக்குப் போட்டால் 33 ஏக்கர் தண்ணி. தலைமை ஆசிரியர் யோசித்திருப்பார்தான்.

இதில் கட்சி பேச வரவில்லை. அவரைப் பிடித்தவங்களும் பிடிக்காதவங்களும் இதைப் படிக்கிறீங்க. நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்துப் பையன்கள் நடத்திய பத்திரிகையைப் பற்றி.

1938இல் ராஜாஜி அரசாங்கம் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. ஊரெல்லாம் எதிர்ப்பு. பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டு, 14 வயசில் கொடி பிடித்து ஊர்வலம் போன பையன்களில் ஒருத்தர் கருணாநிதி. பிறகு சிறுவர் சீர்திருத்தச் சங்கம், அப்புறம் தமிழ் மாணவர் மன்றம், கூடவே 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து மாத இதழ். 1942 ஆகஸ்ட் 10ஆம் தேதி துண்டறிக்கையாக 'முரசொலி' வந்தபோது அவருக்கு 18 வயசு. சேரன் என்ற பேரில் எழுதினார்.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் என்ன என்று பேத்திக்குப் புரியவே இல்லை. "ஜெராக்ஸ் எடுக்கலாமே" என்கிறாள். அச்சுக்குக் காசு கிடையாது. அதனால் மொத்தத்தையும் பேனாவால் எழுதணும். பத்துப் பேர் கைக்குத் தனித்தனியா போகணும் என்றால் பத்துத் தடவை எழுதணும். நாங்கள் ஒரே பிரதிதான் எழுதுவோம். முழுவெள்ளைத் தாளில் மார்ஜின் மடித்து, தலைப்புக்குச் சிவப்பு மை, கோணி ஊசியால் தைத்து, நூலக அலமாரிச் சாவியோடு தமிழய்யா மேசையில் இருக்கும். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கணும். கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் கருத்து எழுத இடம் விட்டிருப்போம். அதில் பாதி, எழுத்துப்பிழை கண்டுபிடித்தவன் பெருமை.

அதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. திருவாரூர்ப் பையன்களின் மன்றமும் இதழும் அவங்களே ஆரம்பித்தது, யார் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. எங்கள் காலத்தில் மன்றம் கால அட்டவணைக்குள் வந்துவிட்டது. பீரியடு இருந்தது, பதிவேடு இருந்தது, வார்த்தைக்கு வார்த்தை பார்த்துக் கையெழுத்துப் போட வாத்தியார் இருந்தார்.

இசை விஷயம் இன்னும் சிக்கல். கருணாநிதி நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயசில் கோயிலில் நாதஸ்வரம் பழக விட்டார்கள். அங்கே மேலே துணி போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளணும். அந்த இசை வகுப்பில்தான் தன் முதல் அரசியல் பாடத்தைப் படித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். வாத்தியத்தை விட்டார், பேனாவைப் பிடித்தார். வாத்தியத்தை விடாமலே மரியாதையைக் கேட்டு வாங்கியவரும் நம்ம பக்கத்தில்தான் இருந்தார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்தவர். தியாகராஜர், தீட்சிதர், சாமா சாஸ்திரி மூணு பேரும் பிறந்த திருவாரூரைப் பற்றிப் பெருமை பேசும்போது, வாசித்தவங்க எப்படி நிற்க வேண்டியிருந்தது என்பதை நாம் பேசுவதில்லை.

இப்போ எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1981, நான் பத்தாவது. பேண்டு செட்டு வாங்கினாங்க. ஒரு பெரிய டிரம், மூணு சைட் டிரம், ஒரு பியூகிள். சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு. டிரம்முக்கு நாலு பையன்களைப் பி.டி. மாஸ்டர் எடுத்தார், நாலு பேரும் காலனித் தெரு. "உங்களுக்கு இதைச் சொல்லியா தரணும்?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாராட்டு என்றுதான் நாங்களும் நினைத்தோம். அதில் ஒருத்தன் என் பக்கத்துப் பெஞ்சு. கை அப்படி ஓடும் அவனுக்கு.

அந்த மாச இதழுக்கு அவன் ஒரு கட்டுரை கொடுத்தான். அவன் அப்பா ஊருக்குத் தப்படித்துச் சேதி சொல்பவர். வரி கட்டச் சொல்லி, முறைத் தண்ணி எந்தப் பக்கம் என்று சொல்லி, சாவு என்றால் சாவுக்கு. ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிட்டால் போகணும். ஜுரத்தோடு ஒரு நாள் மழையில் போனதை எழுதியிருந்தான். கூலி, அறுவடைக் களத்தில் இத்தனை மரக்கால் என்று நெல். யார் யார் களத்தில் எத்தனை மரக்கால், யார் பதரோடு அளந்தார்கள் என்று பேர் இல்லாமல், ஆனால் படிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தான். அந்தக் களங்களில் எங்கள் களமும் ஒன்று.

எழுத்து நல்லா இருக்கும் என்பதால் நான்தான் பிரதி எடுப்பவன். முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். தமிழய்யா பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. கட்டுரையை இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கான். ஊர்ல சண்டை வரும், வேணாம்" என்றார். தாளைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுக்குப் பயம் மட்டும் காரணம் இல்லை, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. புதுத் தாள் எடுத்து அந்த இடத்தில் ஒரு விடுகதை எழுதினேன். விடை அடுத்த இதழில் என்று கீழே போட்டேன்.

ஆகஸ்ட் 15 அன்று அவன் டிரம் அடித்தான். கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் குச்சி இரண்டையும் பி.டி. மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தான். அப்புறம் தொடவில்லை. "கொழுப்பு" என்றார் மாஸ்டர். அடுத்த மாசம் காலாண்டுப் பரீட்சை, பிறகு பத்தாவது என்று சொல்லி மன்றப் பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டாங்க. இதழ் அதோடு நின்றது.

2022 ஆகஸ்டில் பேப்பரில் பார்த்தேன். தண்டோரா போட்டுச் சேதி சொல்லும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் தடை, தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதியிருக்கிறார். ஒலிபெருக்கியை வண்டியில் கட்டிச் சொன்னால் போதும் என்று காரணமும் போட்டிருந்தது. அவன் எழுதிக் கொடுத்து 41 வருஷம். நாற்று பறித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு டீ வாங்கப் போன இடத்தில் அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு, கடை வாசலிலேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். திருச்சியில் இருக்கிறான், மகள் கல்யாணம்கூட முடிந்துவிட்டது.

"பாத்தேன்டா" என்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"அந்த விடுகதைக்கு விடை என்னடா?" என்றான்.

எனக்கு விடுகதையே ஞாபகம் இல்லை.