வெட்டல்தான் ஜெயிப்பார்னு டிவியை அணைச்ச ஞாயிற்றுக்கிழமை

பொழிச்சலூர் வீட்டு மாடியில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். நடுவுல விமானச் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க. ஏர்போர்ட் பக்கத்துல குடியிருந்தா அப்படித்தான்.

இன்னைக்குக் கேள்வி இதுதான்: ஒரே டீம் வருஷக்கணக்கா ஜெயிச்சுட்டே இருந்தா, ரேஸ் பார்க்கிற நமக்கு என்ன மிச்சம்?

இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு கதை இருக்கு. கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட்டில் 2011, 2012, 2013 என மூன்றே மூன்று முறை இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தது. மூணு தடவையும் முதல் இடத்துல இருந்து கிளம்பினது ரெட் புல்லோட செபாஸ்டியன் வெட்டல். மூணு தடவையும் ஜெயிச்சதும் அவர்தான். முதல் ரெண்டு வருஷமும் 60 லேப்பிலயும் அவர்தான் முன்னாடி.

2013 அக்டோபர் 27. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அதுக்கு முன்னாடி நடந்த ஐந்து ரேஸையும் வெட்டல் தொடர்ச்சியா ஜெயிச்சிருந்தார். இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் பரிசு மேடையில நின்னவரைப் பார்த்து ரசிகர்கள் கத்திக் கேலி பண்ணாங்க. அந்தக் கடுப்பு எனக்கும் இருந்துச்சு. பாதி ரேஸ்ல டிவியை அணைச்சுட்டு, துணி எடுக்க குரோம்பேட்டை கிளம்பிட்டேன்.

நான் நினைச்ச மாதிரியேதான் முடிஞ்சது. ஏறக்குறைய 30 விநாடி வித்தியாசத்துல வெட்டல் ஜெயிச்சார், நாலாவது உலகப் பட்டமும் அங்கேயே உறுதியாச்சு. ஆனா அப்புறம் அவர் ரசிகர்கள் முன்னாடி காரை வட்டமடிச்சு, புகை கிளப்பி, இறங்கிக் காரையே கும்பிட்டதை நான் பார்க்கலை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன்.

அடுத்த வருஷம் ரேஸே இல்லை. அதுக்குக் காரணம் வெட்டல் இல்லை. ஃபார்முலா ஒன்னை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கருதியது உத்தரப் பிரதேச அரசு. வரிச் சிக்கல் தீரவே இல்லை.

விதியை மாத்தினா ஆதிக்கம் போயிடும்னு சிலர் சொல்வாங்க. 2002-ல் ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர், ஆறு ரேஸ் மீதமிருக்கும்போதே பட்டம் வென்றார். 2003-ல் புள்ளி முறையையே மாற்றினார்கள். அப்பவும் பட்டம் அவருக்கே. 2014-ல் புது எஞ்சின் விதி வந்து, ரெட் புல் கீழே இறங்குச்சு. மேல ஏறின மெர்சிடிஸ் தொடர்ந்து எட்டு வருஷம் டீம் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கலை!

ரேஸ் சலிக்குமா? சலிக்கும்தான். ஆனா என் தப்பு வேற. முதல் கார் மட்டும்தான் ரேஸ்னு நினைச்சுட்டேன். 2011-ல் அதே டிராக்கில், ஒரு புள்ளிகூட எடுக்காத எச்ஆர்டி டீமின் காரை ஓட்டினார் சென்னையில் பிறந்த நரேன் கார்த்திகேயன். பதினேழாவதாக வந்தார். அவருக்கு அடுத்து, பதினெட்டாவதா வந்தது அதே டீம்ல இருந்த டேனியல் ரிக்கியார்டோ. பின்னாளில் பல கிராண்ட் பிரீ ஜெயிச்ச அதே ரிக்கியார்டோதான். அவங்க ரெண்டு பேர் கையிலயும் இருந்தது ஒரே மாதிரி கார். வெட்டல் எவ்வளவு தூரம் முன்னாடி போனாலும் அந்தப் போட்டி கெடலையே?

அதனால இப்போ யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சாலும் கடைசி லேப் வரைக்கும் உட்கார்ந்துடறேன். சலிப்பான ரேஸுக்கு அடுத்த வாரம் இன்னொரு ரேஸ் வரும். நம்ம நாட்டு கிராண்ட் பிரீ 2013-க்கு அப்புறம் திரும்பி வரவே இல்லை.

நீங்க பாதியில அணைச்ச ரேஸ் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.