கை கோத்த ஏழு பேர்

கண்டனூரில் கபடி மேட் என்ற சொல்லையே கேள்விப்படாத நாளில், ஊருணிக் கரைத் திடலைக் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, புதுவயல் அரிசி ஆலையிலிருந்து மாட்டு வண்டியில் வந்த உமியை அதன்மேல் தூவுவோம். விழுந்தால் முழங்கை தேயாது. ஆனால் வியர்த்த உடம்பில் உமி ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க அரிக்கும். நான் லெஃப்ட் கார்னர். என் வலது கை எப்போதும் பக்கத்தில் நிற்பவனின் இடது கைக்குள் இருக்கும். விரலோடு விரல் கோத்தால் வியர்வையில் வழுக்கிவிடும் என்பதால், இரண்டு பேரும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த அண்ணன் முதல் ஒரு வாரம் எங்களை ஆடவே விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடி இடதும் வலதுமாக நகரச் சொன்னார், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கபடிக் குழுவின் வரலாற்றை இந்த மலருக்கு எழுதித் தரும்படி இளைஞர்கள் கேட்டார்கள். வாங்கிய கோப்பைகளின் பட்டியல் வேறு பக்கத்தில் வருகிறது. நம் குழு எதைக் கற்றுக்கொள்ளத் தாமதித்தது, எப்போது கற்றுக்கொண்டது என்பதைத்தான் நான் எழுத விரும்பினேன். இந்த ஆண்டு வசூலான பணத்தைக் கொண்டு வெளியூரிலிருந்து ஒரு பெயர் பெற்ற ரைடரைக் கூட்டி வரலாமா, அல்லது மேட் வாங்கி ஒரு பயிற்சியாளரை வைக்கலாமா என்ற பேச்சு கமிட்டியில் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கான என் பதிலும் இதில் இருக்கிறது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கபடிக்கு வரும் முன்பே வடமாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். நடுத்திடலில் வடத்தில் கட்டிய ஒரு காளை, சுற்றிலும் ஒன்பது வீரர்கள், குறித்த நேரம். திமிலில் கை போடுபவனை ஊர் பார்க்கும். அந்த நொடியில் மற்ற எட்டு பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதை விவரம் தெரிந்தவர் பார்ப்பார். தனியாகப் பாய்ந்தவனைக் காளை ஒரே உதறலில் தூக்கிப் போட்டுவிடும். ஒன்பது பேரும் ஒரே மூச்சில் விழுந்தால்தான் அது நிற்கும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருடம் தவறாமல் போகும் ஊர் நம் ஊர். அப்படிப்பட்ட நமக்கே கபடியில் இது பிடிபட வெகுநாள் ஆயிற்று.

ஒரு வருடம் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு வெளியூர் ரைடர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்துப் போனோம். நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதர், அவர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் பாதியில் பாடிப் போனபோதெல்லாம் புள்ளியோடு திரும்பினார். நாங்கள் என்ன செய்தோம்? கைதட்டினோம். எதிரணி ரைடர் எங்கள் பக்கம் வந்தபோதும் பாதி மனம் அடுத்து இவர் பாடப் போவதில்தான் இருந்தது. அவன் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுப் போனான், விட்டுவிட்டோம். இரண்டாம் பாதியில் இவரைப் பிடித்து வெளியே உட்கார வைத்தார்கள்.

கபடியின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது, மற்ற விளையாட்டுகளில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. அவுட்டான ஆட்டக்காரர் தானாக உள்ளே வர முடியாது. உள்ளே நிற்பவர்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்க வேண்டும். அதுவும் வெளியேறிய வரிசைப்படிதான் திரும்ப முடியும். அவருக்கு முன்னே இரண்டு பேர் வெளியே இருந்தால் மூன்று பேரை வீழ்த்திய பிறகுதான் அவர் முறை. எவ்வளவு பெரிய ரைடரானாலும், அவர் மறுபடி பாடுவது கார்னரும் கவரும் பிடிக்கும் பிடியில் இருக்கிறது. அன்று எங்களிடம் அந்தப் பிடி இல்லை. எதிரணி ரைடரின் கணுக்காலை நான் பிடித்தேன். என் வலப்பக்கத்தில் இருந்தவன் கையை எப்போதோ விட்டிருந்தான். ஒற்றை ஆளாக என்னை உமிக்குள் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டான் அந்தப் பையன். பெரிய ரைடர் கடைசி வரை பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

அந்தத் தோல்வியை எனக்குப் புரியவைத்தது, பல வருடம் கழித்து நான் டிவியில் பார்த்த ஓர் அணி. புரோ கபடி லீக் 2014-இல் 8 அணிகளோடு தொடங்கியது. 2017-இல் 12 அணிகளானபோது நம் மாநிலத்துக்கென்று தமிழ் தலைவாஸ் வந்தது. வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். முதல் நான்கு சீசன்களில் ஒருமுறைகூட அது பிளே ஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. ஆளில்லாமல் அல்ல. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று மூன்று பெரும் பெயர்கள் ஒரே அணியில் இருந்தன. ராகுலை மட்டும் 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்தார்கள். ஏலம் முடிந்த அன்றே கோப்பை நமக்குத்தான் என்று புதுவயல் டீக்கடையில் பேசிக்கொண்டோம். அந்த சீசனின் முடிவில் 12 அணிகளில் 12-ஆம் இடம்.

2022-இல் மறுபடி அதே வழி, இன்னும் பெரிதாக. ரைடர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. ஓர் அணி மொத்தமாகச் செலவிட அனுமதிக்கப்பட்டதே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. அக்டோபரில் பெங்களூரில் குஜராத் ஜயண்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் மறுபடி களம் இறங்கவில்லை. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன். இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த சில வாரங்களில் நடந்ததை நம் பையன்கள் ஒவ்வொருவரும் தேடிப் பார்க்க வேண்டும். ரைட் கார்னர் சாகர் தலைமை ஏற்றார். லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா. தொடர் தோல்விகளுக்குப் பின் நடுவில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார், 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அதற்குப் பிறகு அணி நகர்ந்த விதமே வேறாக இருந்தது. ரைடர் வலப்பக்கம் சாய்ந்தால் ஏழு பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல் சாய்ந்தார்கள். கார்னர் காலைப் பிடிக்கும் அதே நொடியில் கவர் இடுப்பில் இருந்தார். முன்பு லீக்கில் ஆடியே இராத நரேந்தர் கண்டோலா அந்த ஒரு சீசனில் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அவர் அவுட்டாகி உட்கார்ந்தபோதெல்லாம் பின்னால் நின்றவர்கள் அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தபடி இருந்தார்கள். என் கணக்கில் அந்தப் புள்ளிகளில் பாதி அவர்களுடையது.

5-ஆம் இடம் பிடித்து முதல் முறையாக பிளே ஆஃப் போனது அணி. உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டைபிரேக்கரில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39. இரண்டே புள்ளி. அன்று நம் தெருவில் அழுத சிறுவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தோல்வியை 2019-இன் எந்த வெற்றியோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பவன் அடுத்த சீசனில் தெலுங்கு டைட்டன்ஸுக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விலை போனார். 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார், தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். அவருடைய அணி 22 ஆட்டங்களில் 2 மட்டும் வென்று கடைசியில் நின்றது. அதே சீசனில் கோப்பையை எடுத்தது அஸ்லம் இனாம்தார் தலைமையில் புனேரி பல்டன். பெரும்பாலும் இளம் பையன்கள், யார் பாடப் போவார் என்று எதிரணியால் கணிக்க முடியாத கூட்டம்.

எதிர்த்துச் சொல்ல ஒரு பெயர் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. பர்தீப் நர்வால். 2017-இல் 369 ரைடு புள்ளிகள், ஒரே ஆட்டத்தில் 34. அந்த ஆண்டு இறுதியாட்டத்தைச் சென்னையில் வென்று பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்றாம் முறை கோப்பை எடுத்தது. ஒற்றை ஆள் ஜெயித்துக் கொடுத்ததாகவே ஊர் பேசியது. ஆனால் அதற்கு முந்தைய கோப்பையை, 2016-இல், பாட்னாவுக்குக் கையில் வாங்கிய கேப்டன் யார் என்று நம் பையன்களைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். வயது அப்போது 41. கார்னர். சிறுவன் பர்தீப் பயமில்லாமல் பாடப் போனதற்குப் பின்னால் அந்த அண்ணனின் பிடி இருந்தது. பின்னர் பர்தீப் 1 கோடியே 65 லட்சத்துக்கு உ.பி. போனார், அங்கே கோப்பை வரவில்லை. அவரில்லாத பாட்னாவோ அதே சீசனில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதியாட்டத்தில் ஒரே புள்ளியில்தான் தோற்றது. அவர்களைத் தூக்கி நிறுத்தியவர் ஈரானிலிருந்து வந்த லெஃப்ட் கார்னர் முகம்மதுரேசா ஷாத்லூயி.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் போனில் சொன்ன கதையும் இங்கே பொருந்துகிறது. அவர்களுடைய ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர். அதில் ஐந்து பேர் முன்வரிசையில் நின்று மோதலைத் தாங்குவார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள் வேலையே இல்லை, அவர்கள் பெயரும் யாருக்கும் தெரியாது. 2002 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் இறுதியாட்டம். வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஆரவாரத்துக்கு நடுவே உள்ளே ஓடிவரச் செய்வது அப்போதைய வழக்கம். எதிரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், கர்ட் வார்னர், மார்ஷல் ஃபாக் என்ற நட்சத்திரங்கள் நிறைந்த அணி. அவர்கள் 14 புள்ளியில் ஜெயிப்பார்கள் என்று பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் தனித்தனியாக வர மறுத்து, மொத்த அணியும் ஒரே கூட்டமாக உள்ளே வந்தது. 20-17 என்று வென்றது. அவர்களுடைய டாம் பிராடி பிற்காலத்தில் பெரும் நட்சத்திரமானார். அவரை 2000-இல் தேர்ந்தெடுத்தபோது வரிசையில் 199-ஆவது ஆள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஐயாக்கள் காலத்து வட்டிக்கடை நினைவுதான் வந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒழுங்கு இருந்தது. மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், அடுத்தவர் கப்பல் ஏறுவார், பேரேடு அதே இடத்தில் தொடரும். எவ்வளவு கெட்டிக்கார மேலாளானாலும் கடை அவரை நம்பி இல்லை. பெட்டியடிப் பையனாகப் போனவன் கணக்குப் பழகி மேலாளானான். நம் வளவு வீடுகளின் தேக்குத் தூண்களைக் கொண்டுவந்தது அந்த ஏற்பாடு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கபடிக் குழுவை ஒரே ஆளை நம்பி நடத்துவது நமக்கு அழகா?

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள். வெளியூர் ரைடருக்கு வைத்திருக்கும் தொகையை மேட்டுக்கும் பயிற்சியாளருக்கும் கொடுங்கள். மேட் ஏன் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இன்றைக்கு மாவட்டத்துக்கு மேலே நடக்கும் பெரிய போட்டிகள் மேட்டில்தான். மண்ணில் பழகிய கால் மேட்டில் முதல் நாள் வழுக்குகிறது, ஷூ போட்டுத் திரும்பத் தெரியவில்லை. ஒரு ரைடர் ஒரு போட்டியோடு ஊருக்குப் போய்விடுவார். மேட் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கும். பயிற்சியாளர் வந்தால் முதலில் கார்னர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ரைடர்கள் தாமாக வருவார்கள், பாடப் போக யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

போன வாரம் சாயங்காலம் திடலுக்குப் போயிருந்தேன். கண்டனூர் புதுவயல் ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. பையன்கள் ரைடர் இல்லாமல் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் மணிக்கட்டைப் பிடித்தபடி இடதும் வலதுமாக, கால் சத்தம் ஒன்றாக விழும் வரை. ஓரத்தில் நின்ற சின்னவன் ஒருவன் கையை விட்டுவிட்டான். பக்கத்தில் இருந்தவன் திட்டவில்லை. “பிடிடா தம்பி, மணிக்கட்டைப் பிடி” என்றான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.